அசைவும் வினையும்

தன்வினை, பிறவினைப் பாடத்தை நடத்தும் தமிழாசிரியர் கரும்பலகையில் இரண்டு தொடர்களை எழுதிக் காட்டுவார். ‘கை அசைந்தது’ என்பது ஒன்று. ‘கையை அசைத்தான்’ என்பது மற்றொன்று. முன்னதில் கையே எழுவாய். பின்னதில் கை செயப்படுபொருளாகிவிடுகிறது. அதனை ஆளும் ஒருவன் எழுவாயாக வந்து நிற்கிறான். மெல்லின ஒற்று வல்லின ஒற்றாகத் திரிந்ததை மாணவர்கள் கண்டுகொள்கிறார்கள். தேர்வில் அதற்குரிய மதிப்பெண்ணையும் பெறுகிறார்கள். ஆனால், அந்த ஓர் ஒற்றின் திரிபிலே மனித அறத்தின் பெரியதொரு வினா அடங்கியிருப்பதைப் பாடநூல் சொல்வதில்லை. உடலின் அசைவு எப்போது மனிதனின் வினையாகிறது? எந்த அசைவுக்கு அவன் பொறுப்பாவான்? எதற்கு ஆகமாட்டான்?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. சினமுற்ற ஆசிரியர் ஒருவர் மாணவன் கன்னத்தில் அறைந்துவிடுகிறார். மாலையில் வருந்துகிறார். ‘அடிக்க வேண்டும் என்று நினைக்கவேயில்லை; கை தானாக எழுந்துவிட்டது’ என்று உடன் பணிபுரிவோரிடம் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் அவர் உணர்ந்தது அதுவே. எனினும், இலக்கணம் அறிந்தவர் காதில் அத்தொடர் சற்றே உறுத்துகிறது. ‘கையை எழுப்பினேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘கை எழுந்தது’ என்று வந்திருக்கிறது. எழுவாய் மாறிவிட்டது, அறைந்தவர் தொடரிலிருந்தே மறைந்துவிட்டார். இந்த மறைவை அறம் ஏற்குமா என்பதே ஆராயத்தக்கது.

ஆராயப் புகுவோர் முதலில் உடலையே கேட்க வேண்டும். கை எவ்வாறு அசைகிறது என்று தெரியாமல், அதற்கு யார் பொறுப்பு என்று தீர்ப்பெழுதுவது, சான்றுரை கேளாமல் வழக்கை முடிப்பது போன்றதாகும். அச்சான்றுரைக்கு ஏற்ற கை ஒன்று நெகிரி செம்பிலான் மாநிலத்து நீலாய் வட்டாரத்தில் உண்டு. அது பால்மரம் சீவிய கை.

தோட்டத்துக் கை

கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் செல்லும் இரயில் பாதையில் அமைந்த ஊர் நீலாய். அடுத்துள்ள பத்தாங் பெனார், லாபு, மந்தின் ஆகிய ஊர்களும் அதுவும் சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியைப் பால்மரங்களின் நிழலிலேயே கழித்தன. பின்னர் எண்ணெய்ப்பனை வந்தது. அதன்பின் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகங்களும் வந்தன. 1998-இல் செப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபோது இவ்வட்டாரத்தின் முகமே மாறியது. எனினும், லாபுவில் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் தோட்டம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பள்ளிகளில் பயின்றோர் பலருடைய பாட்டியோ தாயோ உளி பிடித்தவராகவே இருப்பார்.

விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்குடன் நிரைக்குள் நுழையும் ஒரு தோட்டத்துப் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். மரத்தின் உள்ளழுத்தம் அந்நேரத்தில்தான் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் பால் குறையும். ஆகவே, இருளிலேயே வேலை தொடங்குகிறது. முதல்நாள் வெட்டில் உறைந்து கிடக்கும் கோட்டுப்பாலை உரித்தெடுக்கிறார். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் மரத்தைப் பாதிச் சுற்றியிருக்கும் வெட்டின்மீது உளியை வைக்கிறார். சீவப்படும் பட்டை ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகலாகாது. பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருங்கியிருக்கின்றன; அவற்றுக்கும் உள்ளே, மரத்தை வளர்க்கும் கேம்பியம் என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்து அப்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பின்னாளில் அங்கே உளி செல்லாது. நல்ல வெட்டுக்கும் காயத்துக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவினது. அந்த இடைவெளியில், மங்கிய ஒளியில், ஒரு காலையில் 500 மரங்கள் வரை அந்தக் கை சென்று வருகிறது. உளியின் இழுப்புகளை எண்ணினால் அவை சில ஆயிரம் ஆகும்.

‘இவ்வளவு நுட்பமாக எப்படிச் சீவுகிறீர்கள்?’ என்று அவரைக் கேட்டால், ‘எல்லாம் கைப்பழக்கம்தான்’ என்பதே விடையாக வரும். மரத்துக்கு மரம் அவர் உளியைப் பற்றி எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வீட்டில் விட்டுவந்த குழந்தையின் காய்ச்சலைப் பற்றியோ கூட்டுறவுக் கடையின் கடனைப் பற்றியோ மனம் எண்ணிக்கொண்டிருக்கும். கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஆசிரியர் ‘கை தானாக எழுந்தது’ என்றார். இவர் கையும் ஒருவகையில் தானாகவே சீவுகிறது. ஆயினும், நன்றாகச் சீவிய மரத்தைக் காட்டி ‘இது உங்கள் வேலையன்று, கையின் வேலை’ என்று எவரேனும் சொன்னால் அவர் ஏற்பாரா? ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. இங்கேதான் வினா கூர்மை பெறுகிறது.

கட்டளை செல்லும் வழி

நரம்புக்கும் தசைக்கும் உள்ள உறவை அறிவியல் தெளிவாகக் காணத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். இத்தாலியின் பொலோனியா நகரத்து லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் கால் நரம்பில் மின்சாரம் பட்டதும் கால் உதறியதைக் கண்டு, 1791-இல் அதனை நூலாக வெளியிட்டார். நரம்பில் ஓடுவது மின்னியல்புடைய ஒரு துடிப்பு என்பது பின்வந்தோர் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. அந்த நிகழ்ச்சியில் மற்றொரு பாடமும் உண்டு. தவளை இறந்துவிட்டது, ஆனால் கால் அசைந்தது. அசைவதற்கு அசைப்பவன் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்பதை அந்த மேசை காட்டியது.

உயிருள்ள மனிதனின் கை அசையும் வரலாறு இன்னும் நீண்டது. பெருமூளையின் மேற்பரப்பில் இயக்கத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. அதில் கைவிரல்களுக்கும் உதடு, நாவுக்கும் உரிய இடம் முதுகுக்கோ தொடைக்கோ உரிய இடத்தைவிட மிகப் பெரிது. உழைப்பும் மொழியும் மனித மூளையில் எத்தகைய இடத்தைப் பெற்றுள்ளன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அப்பகுதியிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் முகுளத்தில் பெரும்பாலும் இடம் வலமாக மாறித் தண்டுவடத்தினுள் இறங்குகின்றன. அங்கே இயக்க நரம்பணு காத்திருக்கிறது. அதன் நீண்ட இழை கழுத்திலிருந்து தோள் வழியாக விரல் தசை வரை செல்கிறது. துடிப்பு அதில் நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் விரைவில் ஓடுவதால், கழுத்திலிருந்து கைக்கு வந்து சேர நொடியின் ஐம்பதில் ஒரு பங்கே போதுமானது.

நரம்பின் முனை தசையை நேரே தொடுவதில்லை. இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. மின்துடிப்பு அவ்விடைவெளியைத் தாண்டுவதில்லை. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கொலின் என்னும் பொருள் வெளிப்பட்டு, அப்பால் உள்ள தசையின் ஏற்பிகளில் பொருந்துகிறது. நரம்புகள் வேதிப்பொருள் வழியே செய்தி சொல்கின்றன என்பதை ஓட்டோ லோவி 1921-இல் தவளையின் இதயத்தில் காட்டினார். ஹென்றி டேலும் அவர்தம் துணைவர்களும் எலும்புத் தசையிலும் அது உண்மையெனக் கண்டனர். இருவரும் 1936-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். செய்தியைப் பெற்ற தசை இழையினுள் கால்சியம் வெளிப்படுகிறது. அதனால் ஆக்டின், மயோசின் என்னும் இரு புரத இழைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் சென்று தசையைச் சுருக்குகின்றன. இந்த வழுக்கும் இயக்கத்தை 1954-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே விளக்கின. வேலை முடிந்ததும் அசிட்டைல்கொலினைச் சிதைத்து அகற்ற ஒரு நொதி இருக்கிறது. அது இல்லையேல் ஒருமுறை இறுகிய பிடி முறையாகத் தளராது.

கட்டளை கீழிறங்குவதோடு கதை முடிவதில்லை. தசைகளுக்குள் இருக்கும் உணர்கருவிகள் தசையின் நீளத்தையும் அது நீளும் விரைவையும் ஓயாமல் தண்டுவடத்துக்கும் சிறுமூளைக்கும் தெரிவித்துக்கொண்டிருக்கின்றன. பட்டையில் ஒரு முடிச்சு உளியைத் தடுக்குமாயின், நொடியின் நூறில் மூன்று பங்கு அளவிலேயே தண்டுவடம் கையைத் திருத்தத் தொடங்கிவிடுகிறது. மனம் அதை அறிந்து கட்டளையிட அதனினும் பன்மடங்கு நேரம் தேவை. மனத்திற்காகக் காத்திருந்தால் கேம்பியம் அதற்குள் காயப்பட்டிருக்கும்.

ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் வெளியிட்ட நூலில், இயக்க நரம்பணுவை எல்லாக் கட்டளைகளும் வந்து கூடும் இறுதிப் பொதுவழி என்று விளக்கினார். விருப்பத்தால் எழும் கட்டளையும், அனிச்சையாக எழுவதும், பழக்கத்தால் எழுவதும் அந்த ஒரே வழியாகத்தான் தசையை அடைய வேண்டும். ஆகவே, தன்னை யார் ஏவினார் என்று தசைக்குத் தெரியாது. அறைந்த கையின் தசையும் அணைத்த கையின் தசையும் ஒரே முறையில்தான் சுருங்குகின்றன. அசைவுக்கும் வினைக்கும் உள்ள வேறுபாட்டைத் தசையில் தேடுவது வீண். அது அவ்வழியின் முற்பகுதியில் எங்கோ இருக்கிறது.

வினையல்லாத அசைவு

அவ்வேறுபாட்டை நெகிரி செம்பிலான் ஒரு துயரத்தின் வாயிலாகக் கண்டறிந்தது. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்து ஈப்போ வட்டாரத்தில் தோன்றிய மூளைக்காய்ச்சல், அவ்வாண்டு முடிவதற்குள் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டுக்கும், 1999-இன் தொடக்கத்தில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா முதலிய சிற்றூர்களுக்கும் பரவியது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதற்கு நிப்பா என்னும் பெயர் அச்சிற்றூரின் பெயரால் அமைந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் உழைத்தவர்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. வாழ்ந்த ஊர்களைவிட்டுக் குடும்பங்கள் வெளியேறின.

அந்நோய் மூளையையும் தண்டுவடத்தின் மேற்பகுதியையும் தாக்கியது. நோயாளர் பலருக்கு நரம்புகளின் அனிச்சை எதிர்வினை அற்றுப்போனது. நினைவு மங்கிக் கிடந்த சிலருக்கு உதரவிதானமும் கழுத்தும் கைகால்களும் ஒரு தாளத்தில் விட்டுவிட்டுத் துடித்தன. மருத்துவர்கள் அந்நோயை அறிந்துகொள்ள உதவிய அடையாளங்களில் இத்துடிப்பும் ஒன்று. கட்டிலருகே அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அந்தக் கையின் அசைவு என்ன பொருள் தந்திருக்கும்? தன்னை அழைப்பதாகக்கூடத் தோன்றியிருக்கலாம். ஆனால் அது அழைப்பன்று. தசை சுருங்கியது, கால்சியம் வெளிப்பட்டது, இறுதிப் பொதுவழியில் துடிப்பு ஓடியது. எல்லாம் இருந்தன, செய்பவர் மட்டும் அதில் இல்லை. ‘கை அசைந்தது’ என்னும் தன்வினைத் தொடர் முழு உண்மையாக நிற்கும் இடம் இதுவே.

அத்தகைய கை தாதியின் முகத்தில் பட்டுவிட்டால் அவரை யாரும் குற்றம் சொல்லார். வலிப்பால் உதறும் கால், நடுக்குவாதத்தால் ஆடும் விரல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இவற்றை உடையோரை நகைப்பது பேதைமை மட்டுமன்று, தீமையுமாகும். இங்கே ‘கை தானாக அசைந்தது’ என்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சொல் அன்று, மெய்ச்சொல். அப்படியாயின், அறைந்த ஆசிரியரின் கையும் தோட்டத்துப் பெண்ணின் கையும் இக்கையோடு ஒருவகையினவா?

முந்துவது எது?

ஒருவகையினவே என்று வாதிடுவோர் உளர். அவர்கள் காட்டும் சான்று வலியது. 1965-இல் ஜெர்மானிய அறிஞர்களான கோர்ன்ஹூபரும் டீக்கேயும், மனிதன் தன் விருப்பத்தால் விரலை அசைப்பதற்குச் சற்று முன்னரே அவன் மூளையில் ஒரு மின்மாற்றம் மெல்ல எழுவதைப் பதிவு செய்தனர். 1983-இல் அமெரிக்கராகிய பெஞ்சமின் லிபெட் ஒரு படி மேலே சென்றார். விரைந்து சுற்றும் புள்ளியுடைய கடிகாரம் ஒன்றை ஆய்வுக்கு வந்தோர் முன் வைத்து, தோன்றியபோது கையை அசைக்குமாறும், அசைக்கும் எண்ணம் எழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுமாறும் பணித்தார். அசைவுக்கு அரை நொடிக்கும் சற்று மேலாக முன்னரே மூளையின் மின்மாற்றம் தொடங்கிவிட்டது. எண்ணம் எழுந்ததாக அவர்கள் குறித்ததோ ஐந்தில் ஒரு பங்கு நொடிக்கு முன்னர்தான். அதாவது, ‘நான் அசைக்கப் போகிறேன்’ என்று மனிதன் அறிவதற்குள் மூளை ஆயத்தமாகிவிட்டது.

இதனைக் கொண்டு மனிதனின் விருப்புரிமை ஒரு மயக்கமே என்று சிலர் முடிவு கட்டினர். லிபெட் அவ்வாறு கருதவில்லை. எண்ணம் தோன்றியதற்கும் கை எழுவதற்கும் இடையில் அதனைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்றார் அவர். அந்த மின்மாற்றமே முடிவெடுத்தலின் அடையாளமன்று, மூளையில் இயல்பாக ஏறியிறங்கும் அலைகளின் குவிவாகவும் இருக்கக்கூடும் என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு விளக்கியது. வழக்கு இன்னும் முடியவில்லை.

முடியாவிட்டாலும், அது எழுப்பும் ஐயத்தில் ஒரு பிழை இருப்பதைக் காணலாம். வினையின் பிறப்பிடம் கை எழுவதற்கு முந்திய அரை நொடிக்குள் இருக்க வேண்டும் என்று அது முன்கூட்டியே கொண்டுவிட்டது. நெல் எங்கே விளைந்தது என்று கேட்பவன் அறுவடை நாளை மட்டும் ஆராய்வதில்லை. உழுத நாளும் விதைத்த நாளும் நீர் பாய்ச்சிய நாளும் கணக்கில் உண்டு. தோட்டத்துப் பெண்ணின் நல்ல வெட்டு அந்தக் காலையின் அரை நொடியில் பிறந்ததன்று. காயப்படுத்திய மரங்களுக்காக ஏச்சு வாங்கிய முதல் மாதங்களில், கூர் மழுங்கிய உளியைத் தீட்டிய மாலைகளில், மூத்தவர் கையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையைத் திருத்திக்கொண்ட ஆண்டுகளில் அது பிறந்தது.

பழக்கம் என்னும் அறிவு

கையின் அறிவு ஏட்டறிவிலிருந்து வேறானது என்பதை மருத்துவ வரலாறு மெய்ப்பித்திருக்கிறது. அமெரிக்கராகிய ஹென்றி மொலைசனுக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்யப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் நிறுத்த அவரால் இயலவில்லை. கண்ணாடியில் தெரியும் உருவத்தை மட்டும் பார்த்து விண்மீன் வடிவத்தைக் கோட்டால் வரையுமாறு பிரெண்டா மில்னர் என்னும் உளநூல் அறிஞர் அவரைப் பணித்தார். நாளுக்கு நாள் அவருடைய கை தேறியது. ஆயினும், முன்பு ஒருமுறையேனும் அதனைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. மனம் மறந்ததைக் கை அறிந்திருந்தது. மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை குடிகொண்டுள்ள சிறுமூளையும், பெருமூளையின் அடியில் உள்ள நரம்பு முடிச்சுகளும் இத்தகைய கற்றலுக்கு உதவுகின்றன. பிழை நேருந்தோறும் நரம்பணுக்களின் இணைப்புகள் சிறிது மாறுகின்றன. பயிற்சி என்பது உடலில் எழுதப்படும் எழுத்து.

ஓவியத்தையும் தமிழையும் ஒருங்கே பழக்கத்தின் பிள்ளைகளாகக் கண்டது நம் மரபு. ஆயினும், தோட்டத் தொழிலைத் திறன் வேண்டாத உழைப்பு என்று பேசும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. நெகிரி செம்பிலான் லயங்களில் பிறந்த பிள்ளைகள் பலர், ‘படிக்காவிட்டால் பால்மரம்தான் சீவ வேண்டும்’ என்னும் அச்சுறுத்தலோடு வளர்ந்தார்கள். சொன்னவர்கள் பிள்ளைகளின் நலம் நாடியே சொன்னார்கள். குறைந்த கூலியும் நிலையற்ற வாழ்வும் அவர்களை அப்படிச் சொல்ல வைத்தன. ஆனால், கூலியின் சிறுமையைக் கையின் சிறுமையாகப் பிள்ளை புரிந்துகொண்டான். தன் தாயின் கையில் எத்தனை ஆண்டுக் கல்வி எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

ஆகவே, தோட்டத்துப் பெண்ணின் கை நினையாமலே சீவினாலும் அது அவருடைய வினையே. நோயாளியின் கைத்துடிப்புக்குப் பின்னால் அவர் பயின்றது எதுவும் இல்லை. இவருடைய கைக்குப் பின்னால் இவரே இருக்கிறார். இவர் எடுத்த முயற்சியும் கொண்ட கவனமும் இருக்கின்றன. அசைவை வினையாக்குவது அந்தக் கணத்தின் எண்ணம் மட்டுமன்று. அந்தக் கணத்துக்கு முன் மனிதன் தன்னை எவ்வாறு ஆக்கி வைத்திருந்தான் என்பதுமாகும்.

இதே அளவுகோலால் ஆசிரியரின் கையையும் அளந்தாக வேண்டும். அறைவதற்கு முந்திய நொடியில் அவர் எண்ணவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். முதல் நாள் பிரம்பை மேசையில் தட்டியபோது எண்ணினாரா? அடுத்த மாதம் காதைத் திருகியபோது எண்ணினாரா? ஒவ்வொரு முறையும் சினத்திலிருந்து கைக்குச் செல்லும் ஒற்றையடிப்பாதை சிறிது அகன்றது. இறுதியில் அது பெருவழியாயிற்று. நல்ல பழக்கத்தின் புகழைத் தமதெனக் கொள்பவர் தீய பழக்கத்தின் பழியை மட்டும் கையின்மேல் ஏற்றுதல் முறையாகாது.

இங்கே ஒரு தடை எழலாம். பழக்கங்களை மனிதன் தானேயா தேர்ந்தெடுக்கிறான்? அடிபட்டு வளர்ந்த பிள்ளைதானே அடிக்கும் ஆசிரியனாகிறான் என்று கேட்கலாம். உண்மைதான். முதற் பழக்கங்களைத் தேர்ந்தெடுத்தவர் எவருமில்லை. ஆனால், தன் பழக்கத்தைத் தான் கண்டுகொண்ட நாள் ஒன்று எல்லாருக்கும் வருகிறது. அந்நாள் முதல் அது அவருடைய பொறுப்பு. வளர்ந்தபின் நரம்புகள் மாறா என்பதும் சரியன்று. கீழ்ப்பட்டை தீர்ந்த முதிய மரங்களில் உளியை மேல்நோக்கிச் செலுத்திச் சீவும் முறை வந்தபோது, பல்லாண்டு கீழ்நோக்கிச் சீவிய கைகளே அதனைக் கற்றன. பால்மரம் போய் எண்ணெய்ப்பனை வந்தபோது, உளி பிடித்தவர்களே நீண்ட கழியில் கட்டிய அரிவாளைத் தூக்கிக் குலைகளை வெட்டக் கற்றனர். கூலிக்காக ஐம்பது வயதுக் கை மாறக்கூடுமாயின், ஒரு குழந்தைக்காக ஆசிரியரின் கை மாறாதா?

செய்தவரும் செய்வித்தவரும்

இலக்கணம் இன்னொரு வடிவத்தையும் வைத்திருக்கிறது. ‘செய்தான்’ என்பதற்கு அப்பால் ‘செய்வித்தான்’ என்று ஒன்று உண்டு. பிறர் கையால் தன் வினையை முடிப்பவனும் எழுவாயாகவே நிற்கிறான். இலக்கணம் அவனை ஒளிய விடுவதில்லை. தோட்டப்புறத்தில் இதற்கு நரம்பியல் தரும் சான்று கொடியது. பூச்சிகளைக் கொல்லும் கரிமப் பாஸ்பரசு நஞ்சுகள், முன்னே கூறிய நொதியை, அதாவது அசிட்டைல்கொலினை அகற்றும் நொதியை, முடக்கிவிடுகின்றன. புழுவைக் கொல்லும் வழியும் அதுவே. மனிதனைத் தாக்கும் வழியும் அதுவே. நச்சுற்றவரின் தசைகள் அவர் ஏவாமலே துடிக்கின்றன, பின்னர் சோர்கின்றன, நஞ்சு மிகுந்தால் மூச்சுத்தசையும் ஓய்கிறது. எண்ணெய்ப்பனையின் இலை தின்னும் புழுக்களை ஒழிக்க, அடிமரத்தில் துளையிட்டு இவ்வகை நஞ்சைச் செலுத்தும் முறை மலேசியத் தோட்டங்களில் கையாளப்பட்டது.

உரிய காப்புடை இன்றி அத்தகைய வேலைக்கு ஒருவரை அனுப்பி, அவர் விரல்கள் துடிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அசைவின் எழுவாய் யார்? துடிக்கும் கைக்கு உரியவர் அல்லர். குளிர்ந்த அறையில் அமர்ந்து தாளில் ஒப்பமிட்ட கைக்கு உரியவரே அதன் எழுவாய். அவர் கை சற்றும் நடுங்காமல் ஒப்பமிட்டிருக்கும். தசை தொலைவில் இருந்தாலும் வினை அவருடையதே. ‘என் கையால் நான் எதுவும் செய்யவில்லை’ என்பது மெய்யான சொற்களால் ஆன பொய்.

மீண்டும் கரும்பலகைக்கு

இவ்வாறு ஆராய்ந்தபின் அந்த இரண்டு தொடர்களும் முன்போல் எளியனவாகத் தோன்றவில்லை. ‘கை அசைந்தது’ என்பது நோயாளிக்கு நீதி, ஆசிரியருக்கு ஒளிவிடம், ஏவியவருக்குப் பொய். சொல் ஒன்றே, சொல்பவர் நிலைக்கேற்ப அதன் அறம் வேறாகிறது.

அறைந்த ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மறுநாள் வகுப்பில், அந்த மாணவன் முன் நின்று, ‘கை எழுந்துவிட்டது’ என்று சொல்லாமல், ‘கையை எழுப்பினேன், அது தவறு’ என்று தொடரைத் திருத்திச் சொல்வதே அது. அந்த ஒரு திருத்தத்தால் பழக்கம் உடனே மாறிவிடாது. ஆனால், நரம்பில் புதுவழி தொடங்கும் இடம் அதுவாக இருக்கக்கூடும். முதன்முறை கையைத் தாழ்த்துவது கடினம். நூறாவது முறை எளிது. ஒருநாள் சினம் எழுந்தும் கை மேசையிலேயே அமைதியாகக் கிடக்கும். அப்போதும் அவர் எண்ணியிருக்கமாட்டார். அந்த எண்ணாமையும் அவருடைய வினையே. அதன் புகழும் அவருக்கே உரியது.

நீலாயின் தோட்டங்கள் பல இன்று வீதிகளாகிவிட்டன. உளி பிடித்த கைகள் முதுமையடைந்துவிட்டன. அத்தகைய பாட்டி ஒருவர் மாலையில் பேரனுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கும்போது, மரத்தூள் சுருள் அறுந்துவிடாமல் ஒரே கனத்தில் நீண்டு வருவதைக் காணலாம். கத்தியை அவர் பார்ப்பதுகூட இல்லை; பேரனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘கை சீவியது’ என்று எழுதுவதா, ‘பாட்டி சீவினார்’ என்று எழுதுவதா என்று அந்தச் சிறுவன் கேட்டால், தமிழாசிரியர் தயங்காமல் விடை சொல்லலாம்.